ஷின்யி ஏன் சிண்டி ஆகிறாள்?

ஜாக்கி சானுக்கு 'ஜாக்கி' என்று பெயர் வைத்தது யார் தெரியுமா? அப்பா அம்மா இல்லை, சினிமா கம்பெனியும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்தில் ஒரு கட்டட வேலைத் தளத்தில் கிடைத்த பெயர் அது. அவருடைய பெற்றோர் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தார்கள். 1976-ல் அவர்களோடு இருக்கப் போன மகன் கொஞ்ச நாள் டிக்சன் கல்லூரியில் படித்தார், கட்டட வேலைக்கும் போனார். ஜாக் என்ற சக தொழிலாளி அவரைத் தம்பி மாதிரி கூடவே வைத்துக்கொண்டார். அதனால் எல்லோருக்கும் அவர் 'லிட்டில் ஜாக்'. அது தேய்ந்து ஜாக்கி. பெற்றோர் வைத்த பெயர் சான் காங் சாங். 'ஹாங்காங்கில் பிறந்தவன்' என்று அர்த்தம்.

புரூஸ் லீ கதையும் இதே மாதிரிதான். 1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் லீ ஜுன்பான். 'புரூஸ்' மருத்துவமனைக்காரர்கள் சேர்த்துவிட்டது. அலிபாபா நிறுவனர் ஜாக் மாவின் சொந்தப் பெயர் மா யுன். ஹாங்சோவுக்குச் சுற்றுலா வந்து நட்பான ஒரு வெளிநாட்டுப் பெண், 'உன் பெயர் எனக்கு வாயில் வரவில்லை' என்று தன் வீட்டு ஆண்களின் பெயரான ஜாக்கை அவருக்குக் கொடுத்தாராம்.

மூன்று பேரும் உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள், அதனால் கதை சுவையாக இருக்கிறது. புகழ் பெறாத லட்சக்கணக்கான மாணவர்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான் நடக்கிறது. அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு கல்லூரியில் முதல் நாள் வகுப்பு. பேராசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். எமிலி, ஜேம்ஸ், ஒலிவியா எல்லாம் தடதடவென்று போகும். திடீரென்று ஓர் இடத்தில் நிற்பார். கண்ணாடியைச் சரிசெய்வார். தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோவார். அந்த மௌனம்தான் தன் பெயர் என்று அந்த மாணவிக்குத் தெரிந்துவிடும். அவர் கஷ்டப்பட வேண்டாமே என்று கையைத் தூக்கி, "சிண்டி என்று கூப்பிடுங்கள், போதும்" என்பாள். வகுப்பில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுத்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

அந்த மாணவியின் பெயர் ஷின்யி என்று வைத்துக்கொள்வோம். சீனாவில் நிறையப் பெண்களுக்கு இருக்கும் பெயர். ஆங்கில எழுத்தில் எழுதினால் எக்ஸில் ஆரம்பிக்கும். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுத 1958-ல் சீன அரசு ஏற்றுக்கொண்ட முறைக்குப் 'பின்யின்' என்று பெயர். அதில் எக்ஸ் என்றால் 'ஷ' மாதிரி ஒலி. க்யூ என்றால் 'ச்ச' மாதிரி. இசட்-ஹெச் வந்தால் 'ஜ'வுக்குப் பக்கத்தில். ஆங்கிலேயருக்காகச் செய்த முறை இல்லை அது. சீனக் குழந்தைகள் பள்ளியில் உச்சரிப்பு கற்றுக்கொள்ள உதவும் முறை. அதை ஆங்கிலக் கண்ணால் படித்தால் எல்லாமே இடறும்.

இசட்-ஹெச் என்றதும் நமக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். நாம் அதே இரண்டு எழுத்தை 'ழ'வுக்கு வைத்திருக்கிறோம்! கனிமொழியை அங்கே 'கனிமோஸி' ஆக்குகிறார்கள், ஜாங்கை 'ஸாங்' ஆக்குகிறார்கள். ஒரே வகுப்பில் ஒரு சீனப் பையனும் ஒரு தமிழ்ப் பெண்ணும் உட்கார்ந்திருந்தால், அந்தப் பேராசிரியர் பாடு பாவம்தான்.

நாம் மட்டும் யோக்கியமா? 2014 செப்டம்பரில் சீன அதிபர் இந்தியா வந்தபோது, தூர்தர்ஷன் செய்தியில் அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தை ரோமன் எண்ணாக நினைத்து 'லெவன் ஜின்பிங்' என்று படித்தது ஊரே சிரித்த விஷயம். 2019-ல் அவர் மாமல்லபுரம் வந்தபோது நம் பத்திரிகைகளில் 'ஜி ஜின்பிங்', 'ஷி ஜின்பிங்', வெறும் 'ஜின்பிங்' எல்லாம் வந்தன. அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஷி என்பது குடும்பப் பெயர். வெறுமனே ஜின்பிங் என்பது வீட்டுப் பெரியவர்கள் கூப்பிடுகிற மாதிரி.

ஷின்யிக்கு வருவோம். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதே பாதி போய்விடுகிறது. சீன மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுரம் உண்டு. சுரம் மாறினால் வார்த்தையே மாறிவிடும். அது போக, எந்த எழுத்தில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ஷின்யி என்ற ஒரே ஒலியை வெவ்வேறு சீன எழுத்துகளில் எழுதலாம். ஒருத்திக்கு அது 'மகிழ்ச்சி', இன்னொருத்திக்கு 'மனம்', மற்றொருத்திக்கு 'நறுமணம்' என்று அர்த்தம் மாறும். தாத்தா அகராதியைப் புரட்டிப் புரட்டித் தேர்ந்தெடுத்திருப்பார். பாஸ்போர்ட்டில் ரோமன் எழுத்தில் வரும்போது அர்த்தமும் இல்லை, சுரமும் இல்லை. மிச்சமிருக்கும் எலும்புக்கூட்டைத்தான் அந்தப் பேராசிரியர் தப்பாகப் படிக்கிறார்.

அதனால்தான் பல சீன மாணவர்கள் ஆங்கிலப் பெயரை இழப்பாக நினைப்பதில்லை. 'என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என் பெயர். மற்றவர்களுக்கு சிண்டி போதும்.' நல்ல பட்டுப்புடவையை பீரோவில் வைத்துவிட்டு, பஸ்ஸில் போக ஒரு காட்டன் புடவை கட்டுவதில்லையா, அந்த மாதிரி. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. முழுசாக ஒப்புக்கொள்கிறேனா என்பது வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருக்கு ஒரே பெயர்தான் என்ற எண்ணம் பழைய சீனாவில் கிடையாது. படித்த ஆணுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று. வயது வந்ததும் நண்பர்கள் மரியாதையாகக் கூப்பிட இன்னொன்று. கவிதை எழுதினால், ஓவியம் வரைந்தால் அதற்குத் தானே வைத்துக்கொள்வது மூன்றாவது. சீனக் குடியரசின் தந்தை என்று நாம் பாடத்தில் படித்த சன் யாட் சென்னை அவர் நாட்டில் சன் ஜோங்ஷான் என்பார்கள். 'ஜோங்ஷான்' ஜப்பானில் மறைந்து வாழ்ந்தபோது வைத்துக்கொண்ட 'நகயாமா' என்ற புனைபெயரின் சீன உச்சரிப்பு. இப்படிப்பட்ட ஊரில் இருந்து வருகிறவருக்கு இன்னொரு பெயர் என்பது பெரிய அதிர்ச்சி இல்லை.

சரி, அந்த ஆங்கிலப் பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? சுவாரஸ்யமே அங்கேதான். பெரும்பாலோருக்கு அது விமானம் ஏறும் முன்பே, பள்ளி ஆங்கில வகுப்பிலேயே கிடைத்துவிடுகிறது. டீச்சர் ஒரு பட்டியலோடு வந்து, 'நீ பீட்டர், நீ மேரி' என்று கொடுத்துவிட்டுப் போவார். ஹாங்காங்கிலும் தைவானிலும் இது பல தலைமுறைப் பழக்கம். சிலர் ஒலி பார்த்து எடுப்பார்கள். ஷின்யி, சிண்டி ஆவது அப்படித்தான். சிலர் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் பார்த்து ரேச்சல், மோனிகா ஆவார்கள். கூடைப்பந்துப் பைத்தியங்கள் கோபி ஆவார்கள். அர்த்தம் பார்த்து ஆப்பிள், செர்ரி, சன்னி, ரெயின்போ என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்கா போன பிறகுதான் 'கேண்டி' என்ற பெயருக்கு அங்கே வேறு மாதிரி சிரிப்பு கிளம்புகிறது என்று தெரியவரும்.

பழைய புத்தகத்தில் இருந்து எடுத்த பெயர்களும் உண்டு. இருபது வயதுப் பையன் 'எட்மண்ட்' என்று வந்து நிற்பான். நம் ஊருக்குப் படிக்க வந்த வெள்ளைக்காரப் பையன், "என் பேரு கோவிந்தசாமி" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

கொரிய மாணவர்களும் நிறையப் பேர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியர்களிடம் இது குறைவு. அவர்கள் பெயர்கள் ஆங்கில நாக்குக்கு அவ்வளவு கஷ்டமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வியட்நாம் மாணவர்கள் பாடுதான் ரொம்பப் பரிதாபம். 'ஆசீர்வாதம்' என்று பொருள்படும் அழகான பெயர், ஆங்கிலத்தில் படித்தால் அச்சில் போட முடியாத வார்த்தையாகிவிடுகிறது. 2020-ல் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், அப்படிப்பட்ட பெயர் கொண்ட மாணவியிடம் பெயரை ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, அது பெரிய சர்ச்சையானது. கல்லூரி அவரை விடுப்பில் அனுப்பியது. எனக்கு அங்கே உறுத்துவது ஒன்றுதான். அவளே 'என்னை லில்லி என்று கூப்பிடுங்கள்' என்றிருந்தால் அது அவள் இஷ்டம். சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறவர் 'மாற்று' என்று சொல்ல என்ன உரிமை?

மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, அவை இனிக்கவில்லை. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சீன மாணவர் ஒருவர் ஆராய்ச்சிப் படிப்பு பற்றி விசாரிப்பது போல 419 வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கடிதம் ஒன்றேதான். சிலருக்கு 'ஷியான்' என்ற பெயரில், சிலருக்கு 'அலெக்ஸ்' என்ற பெயரில். அலெக்ஸுக்குத்தான் அதிகம் பதில் வந்தது. டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பிலிப் ஒரியோபௌலோஸ் கனடா கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கான போலி பயோடேட்டாக்கள் அனுப்பிப் பார்த்தார். தகுதி ஒன்றாக இருந்தும், சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக வந்தது.

கவனித்தீர்களா, அதில் நம் பெயர்களும் இருக்கின்றன.

அதே ஷியான்-அலெக்ஸ் ஆய்வு செய்தவர்கள் அடுத்த ஆண்டு இன்னொன்றும் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் படிக்கும் சீன மாணவர்களில், ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டவர்களிடம் சுயமதிப்பு கொஞ்சம் குறைவாக இருந்ததாம். பெயர் மாற்றியதால் குறைந்ததா, குறைவாக இருந்தவர்கள் பெயரை மாற்றினார்களா என்பதை அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றினால் வேலை, மாற்றாவிட்டால் மானம் என்று இருபது வயதுப் பிள்ளையிடம் தராசைக் கொடுக்கிறது உலகம்.

முன்னோடிகள் என்ன செய்தார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர் யுங் விங். 1854-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முடித்தார். குடும்பப் பெயர் முன்னால் வரும் வரிசையைக்கூட மாற்றாமல் கடைசிவரை யுங் விங்காகவே இருந்தார். ஆனால் அமெரிக்கப் பெண்ணை மணந்து பிறந்த மூத்த மகனுக்கு மாரிசன் பிரவுன் யுங் என்று வைத்தார். பிரவுன், அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப்போன ஆசிரியரின் பெயர்.

1957-ல் இயற்பியல் நோபல் வாங்கிய சென் நிங் யாங், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையைப் படித்து மயங்கி 'ஃபிராங்க்ளின்' என்று தனக்கே வைத்துக்கொண்டார். நண்பர்களுக்கு ஃபிராங்க். இது யாரும் கட்டாயப்படுத்தியது இல்லை. தலைகீழாக ஒருவர் லீ குவான் யூ. தாத்தா ஆசையாக 'ஹாரி' என்று சேர்த்து வைத்திருந்தார். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தபோது எல்லோருக்கும் அவர் ஹாரிதான். ஊர் திரும்பி அரசியலுக்கு வந்தபோது ஹாரியைக் கழற்றி வைத்துவிட்டார். தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஆங்கிலப் பெயரே வைக்கவில்லை.

இனி கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். வெளிநாட்டுக்காரர் சீனா போனால்? சீனப் பெயர் வைத்துக்கொள்வார். நானூறு ஆண்டுகளுக்கு முன் போன இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி அங்கே 'லி மாதோ'. நம் ஊருக்கு வந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவர் ஆனதை நாம் எவ்வளவு பெருமையாகச் சொல்கிறோம்!

இதைவிட நெருக்கமான உதாரணம் இருக்கிறது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-ல் தொடங்கியது. சிற்றலையில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், நேயர் மன்றம் நடத்தியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அதில் பேசிய சீனர்கள் கலையரசி, கலைமகள் என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். பெய்ஜிங்கில் தமிழ் படித்து, தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டவர்கள். அந்தக் குரலைக் கேட்டு நாம் உருகினோம். 'ஐயோ பாவம், சொந்தப் பெயரை விட்டுவிட்டாளே' என்று யாராவது வருத்தப்பட்டோமா? இல்லை. அந்தப் பெயர் அவர்களுக்கு நம் மொழி மேல் இருந்த பிரியத்தில் வந்தது. கலைமகள் என்று வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்கு வேலை கிடைக்காது, மின்னஞ்சலுக்குப் பதில் வராது என்று இருந்திருந்தால் நமக்கு அது இனித்திருக்குமா? சிண்டியையும் கலைமகளையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

'நம் பிள்ளைகள் யாரும் பீட்டர், மேரி என்று வைத்துக்கொள்வதில்லையே' என்று சிலர் பெருமைப்படுவீர்கள். சென்னையில் 2000-களின் தொடக்கத்தில் கால் சென்டரில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள். மாலை வரை செந்தில், ராத்திரி சாம். 'மிண்டி கேலிங்' என்ற அமெரிக்க நடிகையின் அப்பா தமிழர். மேடையில் நகைச்சுவை செய்த காலத்தில் தொகுப்பாளர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொக்கலிங்கத்தில் முன்னும் பின்னும் வெட்டியதில் மிஞ்சியதுதான் அந்த 'கேலிங்'.

நமக்கு இன்னொரு விசேஷப் பிரச்னை உண்டு. நம் பெயரே வேண்டாம், அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். வானியல் மேதை சந்திரசேகரின் அப்பா பெயர் சுப்பிரமணியன். உலகம் முழுக்க 'சுப்ரமண்யன் சந்திரசேகர்' என்று எழுதும்போது, முதல் பெயர் இடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்! நல்லவேளை, சிகாகோவில் எல்லோரும் அவரை 'சந்திரா' என்றே கூப்பிட்டார்கள். 1999-ல் நாசா அனுப்பிய தொலைநோக்கிக்கும் அந்தச் செல்லப் பெயர்தான்.

கரூரில் இருந்து ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். மகன் அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறான். பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது, நீளமும் அதிகம். 'சுருக்கமா ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சுக்கோ தம்பி, வேலை கிடைக்க ஈஸி' என்று கன்சல்டன்சியில் சொன்னார்களாம். வீட்டில் அப்பா கோபப்பட, தாத்தா சாப்பிடாமல் இருக்க, ஒரே ரகளை. "பேரை வெச்சது அவர் அப்பாங்க. அவரே அந்தப் பேரை முழுசா கூப்பிட்டதில்லை, 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவார்" என்று அந்த அம்மா எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன்.

அம்மா, 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், சீன மாணவர்கள் 2,77,398 பேர். இத்தனை பேரைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொள்கிற நாடுகள் நாலு அசை கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய பாரமில்லை. பையன் விரும்பினால் தன் பெயரிலேயே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் கூப்பிடுகிற சின்னப் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. காபிக் கடையில் கோப்பையில் எழுத ஒரு 'சாம்' வேண்டுமானால் அதிலும் தப்பில்லை, காபி ஆறும் முன் கைக்கு வந்தால் சரி. ஆனால் கன்சல்டன்சிக்காரர் சொன்னார் என்பதற்காக ஒரு புதுப் பெயரை மாட்டிக்கொள்ள வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் 'விருப்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வருகைப் பதிவிலும் மின்னஞ்சலிலும் அதுவே வரும். பட்டம், வங்கி, சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட் பெயரில்தான். லிங்க்ட்இன்னில் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பத்து விநாடி குரல் பதிவு வைக்க 2020-லிருந்து வசதி உண்டு. வேலை தேடும்போது உதவும்.

தாத்தாவைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, உடனே செய்யவேண்டியது வேறு. பையனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா? இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கத்தை அச்சடித்துவிடுவார்கள். பிறகு பேராசிரியர் அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிட்ட கூத்தெல்லாம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்து, துபாய் வழியாகப் போக நினைத்த பலரைப் பதறவைத்தது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி விரித்திருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் முடித்துவிடுங்கள். செப்டம்பரில் வகுப்பு என்றால், இப்போதே கிளம்பிவிடுங்கள்.